நெற்றியில் வைத்த லூனி

இன்று காலை ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் பலசரக்குக் கடை வாசலில், தள்ளுவண்டியின் பூட்டுக்குள் செருக ஒரு டொலர் நாணயக் குற்றியை எடுத்தேன். எடுத்தவன் செருகியிருக்க வேண்டும். வழக்கம்போல உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குற்றியைப் பார்த்தேன். தன் வண்டியைத் திருப்பி விட வந்த ஒருவர் பின்னால் நின்று, "அண்ணை, அது நல்ல காசுதான். போட்டிட்டு அரக்குங்கோ," என்றார். நான் நகரவில்லை. அவர் வண்டியால் என் குதிக்காலில் இடித்தார். வலித்தது. உடனே உம்முடைய நினைவு வந்தது. வலிக்கும்போதெல்லாம் உம்முடைய நினைவுதான் வருகிறது.

நீர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மனிதர் இந்நேரம் உறைந்த கோழிகளோடு கிடந்திருப்பார்.

நான் யாழ்ப்பாணத்தான், நீர் திருநெல்வேலிக்காரர். நான் 'நீர்' என்று பேசத் தொடங்கியதும் ரொறன்ரோவில் உள்ள தமிழ்நாட்டுக்காரர் பலர் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். நீர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டு "என்னவே?" என்று கேட்டவர். பகலில் நீர் ஓர் அலுவலகத்தில் மென்பொருளில் பிழை தேடினீர். நான் ஓர் இலவச வாரப் பத்திரிகையில், நகைக்கடை விளம்பரங்களிலும் மரண அறிவித்தல்களிலும் எழுத்துப்பிழை தேடினேன். வாரம் முழுக்க இப்படி உழைக்கிறவர்களுக்கு ஓய்வு வேண்டுமல்லவா? ஆகவே சனிக்கிழமைகளில் காசில் பிழை தேடினோம்.

லூனி என்று இந்த நாடு செல்லமாக அழைக்கும் ஒரு டொலர் குற்றி. ஒரு பக்கம் நீர்ப்பறவை, மறுபக்கம் ராணியின் தலை, சுற்றிவரப் பதினொரு மூலைகள். வங்கியில் அவற்றைக் காகிதச் சுருள்களாக வாங்குவோம். பிளாசாவில் இருந்த சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் துவாயை விரிப்போம். பழுதான அச்சில் அடிபட்ட குற்றிகளைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை வேறொரு வங்கியில் கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்கிய இடத்திலேயே கொடுத்தால் பார்த்த முகங்களே திரும்பி வரும்.

மற்றவர்கள் சுருளின் காகிதத்தை நகத்தால் உரிப்பார்கள். நீர் மேசை விளிம்பில் ஓங்கி அடித்து உடைப்பீர். கடைக்கார அன்ரி உள்ளேயிருந்து, "தம்பி, அது மேசை. தேங்காய் உடைக்கிற கல்லில்லை," என்பார். உமக்கு அப்போது ஐம்பது கடந்திருந்தது.

நமக்குள் ஒரு சட்டமும் இருந்தது. சுருளை உடைத்தவருக்கே உள்ளிருப்பது சொந்தம். இதைவிட மோசமாக எழுதப்பட்ட சட்டங்கள் பாராளுமன்றத்தில் மட்டும்தான் உண்டு.

நாம் ஒரு குறிப்பிட்ட பிழையைத் தேடினோம். அதை விளக்கும்போது உமக்குச் சண்டைப்படத்தின் கதை சொல்லும் குரல் வந்துவிடும். "ரெண்டு அச்சு வே. எஃகு. ஒண்ணுல ராணி, ஒண்ணுல பறவை. நடுவுல ஒரு தகடு வந்து நிக்கும். ரெண்டும் சேந்து அதை அறையும். என்னைக்காவது ஒருநா தகடு வராமப் போயிரும், பாத்துக்கிடும். மிஷினுக்கு அது தெரியாதுல்லா? ரெண்டு அச்சும் நேருக்கு நேரா அறைஞ்சுக்கிடும்." அந்த அறையில் ராணியின் மூக்குக் கோடு பறவையின் அச்சில் பதிந்துவிடும். அதன் பிறகு அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு குற்றியிலும், பறவைக்குக் கீழே தண்ணீருக்குள் மங்கலாக ஒரு மூக்குத் தெரியும். மற்ற மனிதர்கள் வார இறுதியில் மீன் பிடிக்கப் போனார்கள். நாம் தண்ணீருக்குள் மூக்குத் தேடினோம்.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை மூக்கு அகப்பட்டது. நீர் அடித்த அடியில் சுருள் இரண்டாகி, ஒரு பாதி காகிதத்தோடு என் பக்கம் உருண்டு வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துக் குற்றியை எடுத்தவன் நான்.

"ஐசே, மூக்கு," என்றேன்.

நீர் பறித்துப் பார்த்தீர். உம்முடைய கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அதைச் சட்டைப் பையில் போட்டீர்.

"உது என்ர," என்றேன்.

"சுருளை உடைச்சது யாரு வே?"

"கிழிச்சது ஆர்?"

"தேங்காயை நான் உடைப்பேன், சில்லைப் பொறுக்கினவரு சொந்தம் கொண்டாடுவீரோ?"

"காணும் உம்மட தேங்காய்க் கதை. குத்தியைத் தாரும்."

"செத்தாலும் குடுக்க மாட்டேன்."

நான் உம்முடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தேன். அன்ரி கரண்டியோடு வந்தார். "என்ர கடைக்குள்ள அடிபடாதேங்கோ! வெளியில போய்ச் சாகுங்கோ!" நாம் ஒழுங்கு தெரிந்தவர்கள். வெளியில் போனோம்.

உம்முடைய வலது கைக்குள் உடைக்காத ஒரு சுருள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. காசுச் சுருளைப் பொத்திய கை சுத்தியலாகிவிடுகிறது. அதன் முனை என் இடது புருவத்தில் விழுந்தது. காகிதம் வெடித்து லூனிகள் பனியில் சிதறின. அவற்றின் மேல் என் இரத்தம் சொட்டியது, பிறகு ஓடியது. மெய்ப்புப் பார்க்கிறவன் ஒருவனுக்குள் இவ்வளவு இரத்தம் இருக்கும் என்று நானே நினைத்திருக்கவில்லை. வாசலில் சாய்த்திருந்த, பனி அள்ளும் சவளை எடுத்து உம்முடைய விலாவுக்கு வீசினேன். ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. சவள் முழுதாகத்தான் இருந்தது. நீர் என் மேல் விழுந்து காதைக் கடித்தீர். நான் முழங்கையால் உம்முடைய மூக்கில் இடித்தேன். அது வலப்பக்கம் திரும்பியது, பிறகு நேராகவேயில்லை. வாசல் பனியை உருக்க வைத்திருந்த உப்பு வாளி கவிழ்ந்து, நம் காயங்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக உப்புக் கிடைத்தது.

அன்ரி கதவைத் திறந்து பார்த்தார். "முடிஞ்சுதோ? அப்ப சவளைத் தாங்கோ. வாசல் வழுக்குது, சனம் விழுந்து கைகாலை முறிக்கப்போகுது."

ஒரே வாசலில், ஒரே நேரத்தில், ஒருவர் புருவத்திலும் மற்றவர் விலாவிலும் வழுக்கி விழுந்ததாக வைத்தியசாலையில் சொன்னோம். தாதி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டார். இந்த நகரத்து அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் நேரத்தில் எந்தப் பகையும் ஆறிப்போய்விடும். நம்முடையது ஆறவில்லை. எதிரெதிரே இருந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். அதன் பிறகு நீர் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டீர். நாம் பேசவே இல்லை.

பிறகு ஒரு நாள் உம்முடைய மரண அறிவித்தல் என் மேசைக்கு வந்தது. வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நின்றுவிட்டதாம். உம்மை அடித்து வீழ்த்த உம்முடைய இதயத்தால்தான் முடிந்தது. அதற்கும் ஒரு சவளின் உதவி தேவைப்பட்டிருக்கிறது. அறிவித்தலில் உம்முடைய பெயரில் ஓர் எழுத்துத் தவறியிருந்தது. திருத்தினேன். திருத்திய பிறகுதான் அது நீர் என்று நம்பினேன்.

உம்மைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம் தடிப்பாக அப்பியிருந்தது. சந்தனத்தின் மேல் ஒரு லூனி. எங்கள் பக்கத்துச் சாவீடுகளில் நான் அப்படிக் கண்டதில்லை. உம்முடைய மனைவி சொன்னார்: "ஊர்ல நெத்தியில ஒரு ரூவா வைப்பாவ அண்ணாச்சி. இங்கன ரூவாய்க்கு எங்க போவ? அவிய பர்ஸுல ஒரு டாலரைத் தனியா பேப்பர்ல மடிச்சு வச்சிருந்தாவ. அதைத்தான் எடுத்து வச்சேன்."

தனியாக, காகிதத்தில் மடித்து. என் கை தானாகவே உருப்பெருக்கியைத் தேடியது. உம்முடைய முகத்துக்கு மிகக் கிட்டக் குனிந்தேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பறவைக்குக் கீழே, தண்ணீருக்குள், அந்த மூக்கு இருந்தது. அதற்குக் கீழே, நான் திருப்பிவிட்ட உம்முடைய மூக்கும் இருந்தது. தோளைப் பிடித்தவர்களுக்கு அதன் பிறகு உண்மையாகவே வேலை இருந்தது.

பெட்டியை மூடுமுன் உலோகம் எதையும் உள்ளே விடக்கூடாது என்றார் தகனசாலைப் பணியாளர். உம்முடைய மனைவி என் பக்கம் திரும்பினார். "நீங்களே எடுங்க அண்ணாச்சி. ஊர்ல இதைச் சுடுகாட்டுல வேலை பாக்குதவருக்குத்தான் குடுப்பாவ. அந்தத் தம்பிகிட்டயே குடுத்துருங்க."

எடுத்தேன். சந்தனத்தில் பதிந்த ராணியின் தலை மறுபக்கம் பார்த்தது. பதினொரு மூலைகளும் கூராகப் பதிந்திருந்தன.

ஓர் அடிகூட வாங்காமல் அது என் கைக்குள் வந்திருந்தது. என் பையில் வேறு லூனிகள் கிடந்தன. மாற்றிக் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. இன்றும் சொல்கிறேன், அந்தக் காகிதத்தைக் கிழித்தவன் நான், அது என்னுடையது. ஆனால் திருப்பி அடிக்க ஆளில்லாத சண்டையில் வெல்வது எனக்குக் கேவலமாகப் பட்டது. பொத்திய கையை விரிக்க, அன்று சவளை வீசியதைவிடக் கூடுதலான பலம் வேண்டியிருந்தது. விரித்தேன்.

அந்தப் பணியாளர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, தாழ்வாரத்தில் இருந்த கோப்பி இயந்திரத்துக்குப் போனார். இயந்திரம் லூனியைத் துப்பியது. அவர் அதற்கு ஓங்கி ஓர் அறை விட்டு மறுபடி போட்டார். விழுங்கிக்கொண்டது. உமக்கு அவரைப் பிடித்திருக்கும்.

ஆகவே நம்முடைய மூக்கு இப்போது ஊருக்குள் திரிகிறது. ரெக்ஸ்டேல் பக்கம் யாரோ அதைச் சலவை இயந்திரத்தில் போட்டு உடுப்புத் தோய்த்திருக்கலாம். அதனால்தான் கைக்கு வரும் ஒவ்வொரு லூனியையும் பார்க்கிறேன். அதனால்தான் குதிக்காலில் இடி வாங்குகிறேன். இன்று காலைக் குற்றியில் மூக்கு இல்லை. செருகினேன். வண்டி விடுபட்டது.

குளிர் கூடினால் இடது புருவம் தெறிக்கிறது. தையல் போட்டும் மறையாத ஒரு சிறு மூலை அங்கே இருக்கிறது. பதினொன்றில் ஒன்று. அதில் மயிர் முளைப்பதில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். நம்முடைய சட்டப்படி அதுவும் உடைத்தவருக்கே சொந்தம். நான் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.