வால் இறக்கையில் இருந்த கறை

லாமி
14 ஆகஸ்ட் 2002

அன்பு மகள் ஷல்வினாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், பிரிஸ்பேன் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் அம்மாதான் எழுதுவாள், இந்தத் தடவை பேனாவை நான் பிடுங்கிக்கொண்டேன்.

நீ செய்த குட்டி ராக்கெட்டின் படம் ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. உங்கள் ராக்கெட் கிளப் கண்காட்சிக்கு அதை விண்வெளியில் பறப்பதுபோல் ஒட்டித் தர வேண்டும் என்று அம்மா மூலம் கேட்டிருந்தாய். ரெண்டு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் வேலை, விடுவேனா. ஆனால் ஆட்சியைக் கவிழ்த்த அந்தக் கலவரத்துக்குப் பிறகு நம் ஆட்கள் ஊரோடு நாட்டை விட்டுக் கிளம்புகிறார்கள், நாள் முழுக்க பாஸ்போர்ட் போட்டோதான், அந்தக் கைப்பழக்கத்தில் ராக்கெட்டுக்குப் பின்னாலும் வெள்ளை அடித்து வைத்துவிட்டேன். ராக்கெட்டுக்கு விசா வாங்கப் போறீங்களா என்று கேட்டு அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் கறுப்பு வானம், நட்சத்திரம், ஓரத்தில் நீலமாகப் பூமி எல்லாம் வைத்தேன், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டுமே, அதற்கே அரை நாள் போயிற்று. வால் இறக்கையில் ஏதோ கறை இருந்தது, மூக்கு மேல் மருவைத் துடைப்பதுபோல் அதையும் சுத்தமாகத் துடைத்து, பிரிண்ட் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுக் கமலேஷ் தன்னையும் அதில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டான்.

நீ அனுப்பிய படத்தை நேற்று அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டும்போதுதான் தெரிந்தது, அது கறை இல்லை. அப்பல்சாமி ஸ்டூடியோ, லாமி என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். அதைத்தான் நான் துடைத்து எறிந்திருக்கிறேன் கண்ணு. கடையை விட்டுப் போகிறாய் என்ற கோபத்தில் நாடி ஏர்போர்ட்டுக்குக்கூட வராமல் இருந்தவன் நான். அது என் தப்பு. நீ என்னை வெறுத்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உடனே உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாம் செய்தேன், பாடிக்கொண்டே செய்ததாக அம்மா சொல்கிறாள், நான் நம்பவில்லை. இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ஈமெயிலிலும் போட்டுவிட்டேன், பெரிய பிரிண்ட் இத்துடன் வருகிறது, மடக்காமல் எடு.

நாடி கோயில் முருகன் உனக்குத் துணையிருப்பான், நீ நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான்தான் எடுப்பேன். ஆம்பிளைக் குரல் கேட்டதும் தப்பான நம்பர் என்று வைத்துவிடாதே.

உன் அப்பா,
அப்பல்சாமி