முதல் பானைக்குக் கேட்ட சான்றிதழ்

மானகிரி,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

மகள் சண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, ஊரில் தீயை வைத்துவிட்டு ரயில் ஏறிப் போனவளுக்கு அங்கே என்ன குறை வந்துவிடப் போகிறது. போனில் பேசலாம் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிட்டு, கிளினிக்கில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, சமையல்காரம்மாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் உன் அப்பா எட்டிப் பார்ப்பார்.

புனேயில் பெண்கள் கல்லூரியில் நர்ஸ் வேலை என்று சொன்னாய். தலைவலிக்கு மாத்திரை கொடுப்பாய், வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பாய் என்று நினைத்து நானும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் அந்த வீடியோ வந்தது. அங்கே படிக்கிற நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் எப்படி வருகிறது, அந்தக் கிருமி எதனால் ஒட்டுகிறது, எந்த வயதில் ஊசி போட வேண்டும், வெள்ளைப்படுதல் நாறினால் யாரிடம் போக வேண்டும், ஆணுறை எதற்கு என்று வரிசையாக, கொஞ்சமும் கூசாமல், அதுவும் நல்ல தெளிவான தமிழில் பேசுகிறாய். உன் சித்தப்பா மகன் தேவா இருக்கிறானே, அக்கா பேசுகிறது என்று பெருமைப்பட்டு அதைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். உனக்குப் பேசி வைத்திருந்த நாச்சியாபுரத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும். மறுநாளே பையனின் அம்மா கூப்பிட்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதேன், ஆனா கல்யாணமாகாத பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியுது" என்றாள். படித்ததால் தெரியும் என்றேன். "படிச்சுத் தெரிஞ்சதா, பழகித் தெரிஞ்சதா" என்றாள். உங்கள் பையனுக்கு என் வீட்டு வாசலில் இனிமேல் இடமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அவள் மேல் வந்த கோபம் அன்றோடு போயிற்று, உன் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அப்படிக் கேட்க அவளுக்கு வாயைக் கொடுத்தது நீதான்.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். மாசியில் கோவிலுக்கு வந்தாயே, அங்கே செய்தாயே ஒரு காரியம், அதை எப்படி விடுவது. நம் கருப்பர் கோவில் முறை உனக்குத் தெரியாததா? முதல் பானையை மாதவிலக்கு நின்ற சுமங்கலிதான் தொட வேண்டும், அதுவும் பங்காளி வீடுகளில் மூத்த மருமகளாக இருக்க வேண்டும். அது உன் பெரியம்மா விசாலம். அவளுக்கு அடுத்தது நான். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பானை மேல் ஆசை உண்டு. என் ஓரகத்தி அகப்பையைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நிற்பதும், "மாரி, வெறகத் தள்ளு, மாரி, தண்ணியக் கொண்டா" என்று என்னை ஏவுவதும் எனக்கு எரியும். அவளும் நானும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருக்கிறோம், இரண்டு பேருக்கும் எப்போதுமே ஒத்துப் போனதில்லை, அதுவும் உனக்குத் தெரியும். அன்றைக்குக் கொட்டகையில் எல்லாப் பெண்களும் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது நீ நடுவில் வந்து உட்கார்ந்து, என்னவோ உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி, நின்ற பிறகு யாருக்காவது திரும்ப ரத்தம் படுகிறதா என்று கேட்டாய். பட்டால் சும்மா இருக்கக்கூடாது என்றாய். முப்பது வயதுக்கு மேல் எல்லாரும் ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்க வேண்டும், அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கிறார்கள், எங்கள் கல்லூரியில் பேராசிரியைகளே வரிசையில் நிற்கிறார்கள் என்றாய். நான் உன் தொடையைக் கிள்ளினேன், நீ காலை நகர்த்திக்கொண்டு பேசினாய். உன் கல்லூரியில் யாரும் கருப்பருக்குப் பானை வைக்க வேண்டியதில்லையடி. அங்கே ரத்தம் என்றால் நோய். இங்கே அதற்கு வேறு பெயர்.

அன்றைக்கு எல்லாரும் குனிந்து தேங்காயையே துருவினார்கள். நீ போன பிறகு உன் பெரியம்மா உனக்குப் போன் செய்து, தனக்குப் படுகிறது என்று சொல்லியிருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குச் சொல்லாமல் புனேயில் இருக்கிற உனக்குச் சொல்லியிருக்கிறாள், நீயும் என்னிடம் மூச்சு விடாமல் மதுரைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாய். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது உங்கள் வேலையின் முறையாம். பெற்றவளிடம்கூடவா? அங்கே சதை எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், இன்னும் வெளியே பரவவில்லை, கரண்ட் வைத்தால், கதிர்வீச்சு என்கிறார்களே அதுதான், குணமாக்கலாம், ஆனால் தள்ளிப் போடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உன் பெரியம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஆடிப் பானைய வச்சுட்டுத்தேன் வருவேன், அதுக்கு முன்ன என்னைய யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஆடிக்குப் பானை வைக்கப் போகாமல் விட்டால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் பானை போய்விடும். உயிரைவிடப் பானை பெரிதா என்று நீ போனில் அவளிடம் கத்தினாயாம். பெரிதுதான். பிள்ளை இல்லாத அவளை இந்த ஊர் நிமிர்ந்து பார்த்தது அந்தப் பானையால்தான். அவள் மேல் ஆயிரம் கோபம் இருந்தாலும் எனக்கு அது புரியும், உனக்குப் புரியாது.

உன் பெரியப்பா ஒரு வெள்ளந்தி. போன வாரம் ஆடிப் படைப்புக்கு நாள் குறிக்கப் பங்காளிகள் எல்லாரும் கோவிலில் கூடியபோது, அவளுக்கு வைத்தியம் இருக்கிறது, நாளைக் கொஞ்சம் முன்னே வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டார். என்ன வைத்தியம் என்று பங்காளிகளில் மூத்தவரான பாண்டீஸ்வரன் மாமா கேட்க, இவர் அப்படியே சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அவள் எத்தனை வருஷமாக இப்படியே பானை வைத்தாள் என்று ஆரம்பித்து, போர்வெல் வற்றியது, ஒருத்தன் வேனில் அடிபட்டது, இன்னொரு வீட்டில் பிள்ளை தங்காதது என்று ஊரில் நடந்த கெட்டதையெல்லாம் கொண்டுவந்து விசாலத்தின் தலையில் இறக்கினார்கள். அவள் தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குமேல் ஒன்று சொல்கிறேன் கேள், உனக்கு நன்றாக உறைக்கட்டும். பாண்டீஸ்வரன் மாமா எழுந்து, "சின்னக்கருப்பன் மக வந்து கேட்டதுனாலதேன் இது வெளிய வந்துச்சு, இல்லாட்டி சாமிக்கு இன்னமும் தீட்டுச் சோறுதேன், அந்தப் பிள்ளைக்கு ஒரு பொன்னாடை போத்தணும்" என்றார். உன்னைத்தான். நீ நோயைப் பிடிக்க விரித்த வலையை அவர்கள் தீட்டைப் பிடிக்கச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

இன்னும் முடியவில்லை. இனிமேல் முதல் பானை தொடுகிற பெண் யாராக இருந்தாலும், நீ சொன்ன அந்தச் சோதனையைச் செய்து, ரத்தப்போக்கு எதுவும் இல்லை என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம். சாமிக்கு முன்னால் சர்டிபிகேட். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், படித்தவன்தான் அதிகமாக ஆட்டினான். இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? தேவாவின் பொண்டாட்டி தன் தங்கைக்கு அந்த ஊசியைப் போடலாமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டு வைத்திருந்தாள், இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இந்த ஊரில் இனி ஒரு பெண்ணும் அந்தச் சோதனைக்குப் போக மாட்டாள். போனால் எதற்குப் போனாள் என்று கேட்பான், போகாவிட்டால் எதை மறைக்கிறாள் என்று கேட்பான். நோயைப் பற்றி எல்லாம் படித்தாயே, நம் ஆட்களைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருக்கக் கூடாதா?

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுத்த மூத்த மருமகள் நான், இந்த ஆடிக்கு மாரீஸ்வரி பானையைத் தூக்கட்டும், சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிவிடட்டும் என்றார்கள். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது தட்டில் வைத்து வந்தது. நான் எழுந்து, எனக்கும் படுகிறது என்றேன். பாண்டீஸ்வரன் மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது, "தாயி, யோசிச்சுத்தேன் பேசுறீகளா" என்றார். யோசித்துத்தான் பேசுகிறேன், பேசாமல் நீங்களே அடுப்பை மூட்டிப் பானையை வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் எந்தக் காலத்திலும் படாதே என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, "மதினிக்காகப் பொய் சொல்லிட்டு வந்திருக்க, பரவாயில்ல, நல்ல பொய்தேன்" என்றார். நான் காபியைக் குடித்தேன்.

சாயங்காலம் உன் பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். எனக்காக எவளும் பொய் சொல்ல வேண்டியதில்லை, எனக்குப் பரிந்து பேச இவள் யார் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். நான் சுற்றிக்கொண்டு போய் அவள் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, அது பொய் இல்லை அக்கா என்றேன். சித்திரையிலிருந்து படுகிறது. முதலில் உள்பாவாடையில் சொட்டுத்தான், இப்போது அதைவிடக் கொஞ்சம் அதிகம். அலைச்சல், சூடு என்று நானே சொல்லிக்கொண்டேன், வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே உன் மேல் கோபம்தான் வந்தது. அது என்ன கோபம் என்று இப்போது தெரிகிறது, பயம்தான் அப்படி வந்திருக்கிறது. உன் பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கிறுக்கச்சி, கிறுக்கச்சி" என்று என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, கோவிலில் அத்தனை பேர் பேசியபோதுகூட அழவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சரி கெளம்பு, நீ வந்தாத்தேன் நான் வருவேன்" என்றாள். ஆடியாவது பானையாவது என்றும் சொன்னாள், அதற்குமேல் அவள் சொன்னதை எழுத முடியாது.

ஆகவே இதுதான் விஷயம். மதுரையில் அந்த டாக்டரம்மாவிடம் அவளுக்குக் கரண்ட் வைக்கவும் எனக்குச் சோதித்துப் பார்க்கவும் சேர்த்துச் சொல்லிவை. லீவு போட்டுவிட்டு வா. முடியாது, பரீட்சை நேரம், பிள்ளைகள் வருவார்கள் என்று ஆரம்பிக்காதே, அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தாய் ஊரில் இருக்கிறாள், உன் தாய் இங்கே இருக்கிறேன். அப்பாவிடம் நீ சொல்லாதே, நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் நல்ல பொய் என்று நினைத்து இரண்டு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும். பஸ்ஸில் போகும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்கக்கூடாது. ஊருக்குள் நீ இந்தத் தடவை கோவில் பக்கமே போக வேண்டாம், பொன்னாடை போர்த்த வந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. இதைப் படித்ததும் போன் போட்டு அழாதே, நான் எடுக்க மாட்டேன். கோபம் தீர்ந்துவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே, வா, நேரில் இருக்கிறது உனக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. கருப்பர் உன்னோடு துணைக்கு வரட்டும், நீ தொட்டுப் பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஆஸ்பத்திரியில் என்னோடு நீ உள்ளே வர வேண்டும். டாக்டரம்மா எங்கே, எப்படி, எவ்வளவு என்று கேட்பாராம், விசாலம் சொன்னாள். நீயே பதில் சொல்லிவிடு. எனக்கு அந்த வார்த்தைகள் வாயில் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. மாரீஸ்வரி