ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா

ஊத்துமலைத் தோட்டம்,
லுணுகலை.
ஆடி பிறந்த இரண்டாம் செவ்வாய்.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க நம் முனியாண்டி சாமி துணை நிற்பார். இங்கே உன் அப்பா சுகம், தம்பி ஜீவன் சுகம், பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நான்தான் சுகமாக இல்லை. முதல் பக்கத்திலேயே இப்படி எழுதக்கூடாதுதான், ஆனால் பொய் எழுத இன்றைக்குக் கை வரவில்லை. முந்தாநாள்தானே போனில் பேசினோம், இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். ஒரே கூரைக்குக் கீழே சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்து அறைகளில் போனில் ரகசியம் பேச இடம் ஏது? நான் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து றோசாலி அக்கா இஞ்சித் தண்ணீர் கொடுத்தனுப்புகிறாள். உன் அப்பாவோ நீ பேசுகிறாய் என்றாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. வாசித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நீ அந்தப் பையன் மணிமாறனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று சொன்னபோது உன் அப்பா குதிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். இந்தியாவில் முசிறிப் பக்கம் கொன்னைக்குடி என்று அவன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் மனுசன் குளிர்ந்துபோனார். நம் பூர்வீகமும் கொன்னைக்குடிதானே, ஊர்ப் பெண்ணை ஊருக்கே கொடுக்கிறேன் என்று லுணுகலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். போன மாதம் மணிமாறனின் அம்மா என்னோடு பேசினார்கள் அல்லவா, அப்போது உன் அப்பா பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போயிருந்தார், அந்த மட்டும் கடவுள் இருக்கிறார். நல்ல மனுசி, கள்ளம் கபடு இல்லாமல் அவர்களே சொன்னார்கள், “எங்க மாமனாரப் பெத்தவரும் கண்டிச்சீமைக்காரருதான் சம்பந்தி. சண்டைக் காலத்துல வந்து ஒரு வருசம்போல இருந்துட்டுத் திரும்பப் போயிட்டாரு. எங்க மாமனாரு அப்ப வயித்துல. சிவஞானம்னு பேரு மட்டுந்தான் மிச்சம்” என்று. அப்படியா என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் சோறு தீய்ந்தது எனக்குத் தெரியவில்லை.

உன் தாத்தாவைப் பெற்றவர் பெயர் சிவஞானம் என்பதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம், பெண்சாதியையும் கைப்பிள்ளையாக இருந்த உன் தாத்தாவையும் இங்கே விட்டுவிட்டு அவர் இந்தியாவுக்குப் போய்வந்த கதையும் நம் வீட்டில் உண்டு. எதற்குப் போனார், யாரோடு இருந்தார் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவரும் இவரும் ஒரே ஆள் என்றால், மணிமாறனின் தாத்தாவும் உன் தாத்தாவும் ஒரு தகப்பன் பிள்ளைகள். உன் அப்பா மணிமாறனுக்குப் பெரியப்பா. அவன் உனக்கு அண்ணன். பெண் வழியாக வந்திருந்தால் முறைமாப்பிள்ளை என்று மேளம் அடித்திருப்போமே, இப்படி ஆண் வழியாக வந்து தொலைத்ததே. தோட்டத்து மேல் பிரிவில் முறை தப்பிக் கட்டிக்கொண்ட அந்தப் பிள்ளைகளை உன் அப்பா திருவிழாவில் தேர்க் கயிற்றைத் தொடவிடாமல் துரத்தியதை நீயும் பார்த்தாய். வெளியில் சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள், நான் இரண்டையும் விழுங்கிக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

கல்யாணக் கார்டில் பூர்வீக விலாசம் சரியாகப் போடவேண்டும் என்று சாக்குச் சொல்லித் தோட்ட ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் முகம் சுளித்தாலும் பழைய ஆள்பதிவை எடுத்துக் காட்டினார். சிவஞானம், ஊர் கொன்னைக்குடி. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியும் மனது கேட்காமல் லுணுகலையில் லத்தீப் நானாவின் கடைக்குப் போனேன். அவருடைய அப்பா காலத்தில் நம் தோட்டத்துக் கடிதமெல்லாம் அந்தக் கடை விலாசத்துக்குத்தான் வரும், லயத்துக்கு எந்தத் தபால்காரன் வந்தான்? ஊர்ப் பெயரைச் சொன்னதும் நானா சிரித்துவிட்டார். “ஒங்க தோட்டத்துல யாருக்கு புள்ள அந்த ஊரு இல்ல? அது ஆள் புடிச்ச கங்காணிட ஊரு. கப்பல் ஏத்துறதுக்கு முந்தி மண்டபம் கேம்புல ஊரு கேட்டா எல்லாரும் அதத்தான் சொல்லணும்னு சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. பொறவு அதுவே எல்லாருக்கும் சொந்த ஊராப் போச்சு” என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது மகளே. நம் ஊரே அது இல்லை என்றால் அவர் எதற்கு அங்கே போகப் போகிறார்? அன்றைக்குத்தான் வயிறார ஒரு பிளேன்டீ குடித்தேன். உன் அப்பா ஊர் ஊராகப் பீற்றிக்கொண்ட பூர்வீகம் யாரோ கங்காணியுடையது என்று நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கூட விட்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். நானா நல்லது செய்வதாக நினைத்து, சண்டைக் காலத்து விலாசப் புத்தகம் பரணில் கிடைத்தது, வந்து பார் என்று சொல்லியனுப்பினார். இந்தியாவுக்குப் போகிறவர்கள் அங்கே தங்கும் விலாசத்தையும் இங்கே இருக்கும் விலாசத்தையும் கடையில் எழுதிவைத்துவிட்டுப் போவார்களாம், கடிதம் மாற்றி அனுப்புவதற்கு. மனதில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சச் சந்தேகமும் கழுவிப் போகட்டும் என்றுதான் போனேன், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நம் தோட்டத்தில் அப்போது மூன்று சிவஞானம். போனது ஒரே ஒரு சிவஞானம். தங்குமிடம் கொன்னைக்குடி, கங்காணி வீடு. தன் ஊரில் யாரும் மிஞ்சாததால் கங்காணியோடு போயிருப்பார் போல. இங்கத்து விலாசம் ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா.

வேறு யாராவது அப்போது இந்தக் காம்பராவில் இருந்திருப்பார்களோ என்று அன்று முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தேன். உன் தாத்தா பிறந்தது இதே காம்பராவில், உன் அப்பா பிறந்தது இதே காம்பராவில், உன்னைப் பெற்றுத் தூக்கிவந்து போட்டதும் இங்கேதான். ஊர் பொய், வந்த வழி பொய், எதையும் நம்ப முடியாது என்றால், எண்பது வருஷமாக நம்மை ஒரு காம்பரா தள்ளிக் குடிவைக்காத இந்தத் தோட்டம் மட்டும் உண்மை சொல்லித் தொலைக்கிறது. வேறு வீடு கொடுத்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

உன் அப்பா கார்டில் சிவஞானத்தின் கொள்ளுப்பேத்தி என்று பெரிய எழுத்தில் போடவேண்டும் என்கிறார். அதை வாசித்தால் அந்த வீட்டுக்கும் விளங்கிவிடும். ஆடியில் கல்யாணக் கார்டு அடிக்கக்கூடாது என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். ஆவணி பிறந்தால் எனக்குச் சாக்கு இல்லை. முறை தப்புவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவள் நான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பையன் பெயரைச் சொல்லும்போது உன் குரல் மாறுவதையும் நான்தானே கேட்கிறேன். கண்ணால் பார்க்காத ஒரு மனுசன் செய்ததற்கு என் பிள்ளை ஏன் சாகவேண்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது, அடுத்த நேரம் சாமி படத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. என்னால் தீர்மானம் பண்ண முடியவில்லை. பெற்றவள் இப்படிக் கையை விரிக்கலாமா என்று கேட்காதே, விரித்துவிட்டேன்.

ஆவணி முதல் ஞாயிறு இங்கே போன் எடு. உன் அப்பா பக்கத்தில் இருப்பார். அம்மா போட்ட கடிதம் வந்ததா என்று நான் கேட்பேன். வந்தது என்று நீ சொன்னால் கல்யாணம் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன், என்னால்தான் கெட்டது என்று பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன், உன் அப்பா திட்டட்டும். வரவில்லை என்று சொன்னால், தபால்காரன் எங்கேயோ போட்டுவிட்டான் என்று நானும் சத்தமாகத் திட்டுவேன். கார்டில் கொள்ளுத்தாத்தா பெயர் வராமல் பார்த்துக்கொள்வேன். அதற்குப் பிறகு என் உயிர் இருக்கும்வரை உன்னிடமும் கேட்கமாட்டேன், அவனிடமும் காட்டமாட்டேன்.

வெயிலில் அலையாதே, வேலை வேலை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. தீர்க்க சுமங்கலியாக இரு மகளே. யாரோடு என்று நான் எழுதவில்லை.

உன் அம்மா,
விஜயலெட்சுமி