எதிர்க்கடைக் கிண்ணம்

லிங்கராஜபுரம்,
வியாழன் மாலை

அன்புத் தம்பி கிரணுக்கு,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க ஜெபிக்கிறேன். போன் செய்தால் "அக்கா, மீட்டிங்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இன்று சிங்கப்பூர் திரும்பும் சோனியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சித்தி மகள் எதிரில் நின்றால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நம் மூன்று காபிக் கடைகளில், ஜோகுபாளையம் கடையில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. மல்லேஸ்வரம் கடைதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. எதிரே வந்த புதுக் கம்பெனிக்காரர்கள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். "அவங்க பரவறதுக்குள்ள பதினஞ்சு எடத்துல நாம உக்காந்துடணும் அக்கா" என்று சொல்லித்தான் முதலீட்டாளர்களைப் பார்க்கப் போனாய். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என் பயம் அந்த இலவசக் காபியைப் பற்றி அல்ல. நேற்று நடந்ததைக் கேள்.

புதன்கிழமை ருசி பார்க்கும் வழக்கத்தை நீ இல்லாவிட்டாலும் நான் விடவில்லை. கிண்ணங்களுக்கு அடியில் தூளின் பெயரை ஒட்டி, இடம் மாற்றி வைத்தோம். கரண்டியால் உறிஞ்சி எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. இந்த முறை எதிர்க்கடைத் தூளையும் வாங்கி வரச் சொல்லி ஒரு கிண்ணத்தில் வைத்தேன். கேலி செய்து சிரிக்கலாம் என்ற ஆசைதான். ஒரு கிண்ணத்தில் வாய் வைத்ததுமே மனசு குளிர்ந்தது. "நம்முடையது" என்று எழுதினேன். மல்லேஸ்வரம் கடையைப் பார்த்துக்கொள்ளும் மமதாவும் அதையே எழுதியிருந்தாள். திருப்பிப் பார்த்தால் எதிர்க்கடை.

நம் காபிக்கு நான் எழுதியது என்ன தெரியுமா? "கருகல். யாருடையதோ." மமதா "அக்கா, நம்ம காபி ரோட்ட தாண்டிப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வரப்போகும் பதினைந்து கடைக்கும் ஒரே மாதிரி வேண்டுமென்று, கோவிந்தப்பா தோட்டத்துக் கொட்டையைக் குறைத்து, கிடைத்ததைக் கலந்து, கலப்பு தெரியாமலிருக்க மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாக வறுக்கச் சொன்னாய். கொஞ்சம் கொஞ்சமாக மாறியதால் எங்கள் நாக்கும் பழகிப்போனது; பழைய ருசியைப் பக்கத்தில் வைத்துக் குடித்தபோதுதான் தெரிந்தது. வறுத்துக்கொண்டிருந்த ரகு உன்னோடு சண்டை போட்டு எதிரே போனார். தோட்டத்துக் கொட்டையும் அவர் பின்னாலேயே போனது. முதலில் இடம், ருசி பின்னால் வரும் என்றாய். ஜனம் நாலு கடையைத் தாண்டி நம்மிடம் வந்தது எதற்கு, கிரண்? நம்மிடம் அது ஒன்றுதானே இருந்தது.

கோபித்துக்கொள்ளாதே, இன்று காலை ரகுவைப் போய்ப் பார்த்தேன். பழைய கொட்டை, பழைய பதம் என்றால் திரும்பி வருகிறேன் என்றார். ஆனால் நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் எந்தக் கொட்டை என்று முடிவு செய்யப்போவது அந்த முதலீட்டாளர்கள். நீயோ நானோ இல்லை.

இதோடு இரண்டு பொட்டலம் வருகிறது. ஒன்று நம்முடையது, ஒன்று எதிர்க்கடை. ஒன்றில் சிவப்பு நூல், மற்றதில் பச்சை. எது எதுவென்று சோனியாவுக்கும் தெரியாது. இரண்டையும் போட்டுக் குடி. இன்னொரு கோப்பை எதில் போட்டுக்கொள்ளத் தோன்றியது என்று மட்டும் எனக்குச் சொல். அது நம்முடையதாக இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடு. மூன்று கடைக்காரன் என்று இங்கே யாரும் உன்னைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொள்வாராக. திங்கட்கிழமை, முக்கியமாக வலது கையை.

உன் அக்கா,
டோரீன்