தட்டுல இருந்து எடுத்தது

உசிலம்பட்டி
22-6-1938

வில்லாபுரம் மாப்ள பால்பாண்டிக்கு,

நான் எடுத்தேன் எடுத்தேன்னு காயிதத்துக்குக் காயிதம் அதையே எழுதுறீக. எடுத்தேன்தான். யாரு இல்லேன்னா? கை நீண்டுச்சு, வெத்தல வந்துச்சு, வாய்க்குள்ள போயிருச்சு. அதுக்கு எதுக்கு மாப்ள துரோகம் அது இதுன்னு பெரிய வார்த்தையெல்லாம்? சொகம் விசாரிக்கிறதக் கடைசியில வச்சுக்கிறேன். சண்டையப் பாதியில விட்டா ஆறிப்போயிரும்.

நடந்ததக் கேட்டுக்கங்க. சமயநல்லூர் சுருளி, அவரு மகன் விருமாண்டிக்கு நம்ம தங்கப்பொண்ணக் கேட்டு ஆளுகளோட வந்தாரு. வெத்தலத் தட்ட நடுவுல வச்சாரு. நான் நம்ம மயிலக்காளை சந்தையில கவுத்த அத்துக்கிட்டு ஓடுன கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன். கதை ருசியில கை தட்டுக்குப் போயிருச்சு. சம்பந்தம் பேச வந்தவுக தட்டுல எடுத்து மென்னா பொண்ணக் குடுத்ததா ஆயிருமில்ல. நான் சுண்ணாம்பு தடவையிலயே பொம்பளைக குலவை போட்டுட்டாளுக. வெத்தலையத் துப்பலாம் மாப்ள. குலவையத் துப்ப முடியுமா?

உங்க மகன் மருது, தங்கப்பொண்ணு படிக்கட்டும்னு வச்சிட்டுப் போன இங்கிலீசுப் பொஸ்தகம் இப்ப எங்கிட்டத்தான் இருக்கு. என் மூணாங் கிளாசுப் படிப்புக்கு முக்காவாசி வெளங்கல. ஆனா 'டேக்'குன்னு ஒரு வார்த்தை. எடுக்கிறதாம். அதுக்கு மட்டும் பக்கம் பக்கமாத் தமிழ்ல வெளக்கம் போட்டிருக்கு. வெள்ளக்காரன் குளிக்கிறதும் டேக்காம். எங்க இருந்து எடுப்பான், கம்மாயில இருந்தா? காப்பி குடிக்கிறதும் டேக், மருந்து திங்கிறதும் டேக், ரயிலேறுறதும் டேக், போட்டோ பிடிக்கிறதும் டேக். பரீச்சை எழுதுனா டேக், நாளானா டேக், விடை வாங்கிட்டுக் கெளம்புனாலும் டேக். ஒருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டாக் கூட டேக்தானாம். அது நீங்கதான் மாப்ள.

நான் எடுத்தது இதுல எந்த டேக்குன்னு மருதுவ வெவரமா எழுதச் சொல்லுங்க. என் தங்கச்சி மாயக்காளக் கேட்டதாச் சொல்லவும். மத்தபடி எல்லாரும் சொகம்.

இப்படிக்கு,
கை நீண்ட மச்சான்
சின்னச்சாமி

வில்லாபுரம்
27-6-1938

மச்சான் சின்னச்சாமி அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் மருதுவும் க்ஷேமம். அங்கே க்ஷேமமா என்று கேட்க மனம் வரவில்லை.

கேலிக்கு இது நேரமில்லை. தங்கப்பொண்ணு பிறந்த அன்றைக்கே மருதுவுக்கு என்று பேசி வைத்தது. அவன் முறைமாப்பிள்ளை. மில் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறவன், தனக்கு வரப்போகிறவளும் நாலு வார்த்தை தெரிந்தவளாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தான். அதை நீங்கள் படித்துவிட்டு என்னையே கேலி செய்கிறீர்கள்.

கை தவறியது என்கிறீர்கள். உங்களுக்கு வெற்றிலை போடுகிற வழக்கமே கிடையாது. வாயில் பல் இருந்த காலத்திலேயே கிடையாது. என் கல்யாணத்தில் நான் கொடுத்த தாம்பூலத்தை மாட்டுக்குப் போட்டவர் நீங்கள். பல்லே இல்லாத இந்த வயதில், சுருளி வைத்த தட்டைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டதாக்கும்.

வழக்கம் உங்களுக்கும் தெரியும். முறைக்காரர்களான நாங்கள் உங்கள் வீட்டில் வெற்றிலை எடுத்து விட்டுக்கொடுத்தால்தான் பெண்ணை வேறிடத்தில் கொடுக்கலாம். நான் எடுக்க மாட்டேன். மீறிப் பந்தக்கால் ஊன்றினால் அன்றோடு உங்கள் தங்கை உங்களுக்கு இல்லை. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறாள். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பவும்.

பால்பாண்டி

உசிலம்பட்டி
3-7-1938

மாப்ளைக்கு,

மாட்டுக்குப் போட்டது நெசந்தான். மாடும் துப்பிருச்சு. நீங்க வாங்குன வெத்தல அப்பிடி. பல்லில்லாதவனுக்கு ஆசை இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இடிச்சுக் குடுக்க உரல் இருக்கு, இடிக்க மக இருக்கா.

அந்த மக கதைய ஒண்ணு சொல்றேன். பொங்கலுக்கு நீங்க குடும்பத்தோட இங்க வந்திருந்தீகள்ல. மக்யா நாள் நீங்க சந்தைக்கு மாடு பாக்கப் போனீக. அப்ப மருதுவத் தேடி அவன் மில்லுச் சேக்காளிக வந்தாக. தங்கப்பொண்ணு எலை போட்டுக் கொழம்பு ஊத்த வந்தா. கொழம்புச் சட்டியும் கையுமா அவள நிறுத்தி, டேக்குக்கு ஒண்ணொண்ணா அர்த்தம் கேட்டான் மருது. மொதல்ல கொஞ்சம் சொன்னா. பெறகு 'டேக் ஆப்டர்'னு கேட்டான். பின்னாடி எடுக்கிறதுன்னா. பிள்ளைக்கு அப்பன் சாடை இருக்கிறதாமே அது. எவனுக்குத் தெரியும்?

அவன் சிரிக்கல. சேக்காளிகளச் சிரிக்க விட்டான். 'முறைன்னு சொல்லி இத என் தலையில கட்டுறாங்கடா, பாத்துக்கங்க'ன்னான். மாட்டுச் சந்தையில பல்லப் பிடிச்சுப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுவோம்ல, அந்தக் கொரலு. அவ எல்லாத்துக்கும் கொழம்பு ஊத்திட்டுத்தான் உள்ள போனா. அவன் எலைக்கும் கொறை வைக்கல.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டையில எங்கிட்டச் சொன்னா. 'அய்யா, எனக்கு அவரு வேணாம். அத்தை வேணும்.' அம்புட்டுத்தான். இந்த ரெண்டையும் சேத்துக் குடுக்கிற சாமி எந்தக் கோயில்ல இருக்குன்னு சொல்லுங்க மாப்ள, கெடா வெட்டுறேன்.

மருதுக்குத் தரமாட்டேன்னு நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, என் தங்கச்சி வாசல் அன்னைக்கே எனக்கு அடைச்சிருக்கும். கிறுக்குக் கெழவன் கை தவறிருச்சுன்னா நாலு நாள் சிரிச்சுட்டு விட்டுருவாக. அப்பிடி நெனச்சு ஒருத்தன் எடுத்திருக்கலாம். எடுத்திருக்கலாம்னுதான் சொல்றேன். நான் எடுத்தது காளை கதை ருசியிலதான்.

பொஸ்தகம் இன்னும் முடிக்கல. வந்து வாங்கிக்கங்க.

சின்னச்சாமி

வில்லாபுரம்
8-7-1938

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மாயக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே போதும் என்றாள். அன்றைக்கு அவள் அடுப்படியில் இருந்தாளாம். எல்லாம் காதில் விழுந்ததாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீகளா?" என்றாள்.

மருதுவைக் கேட்டேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மாயக்காளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும். நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உங்களோடு பேச மாட்டேன். உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் எழுதி அவளிடம் கொடுங்கள்.

பால்பாண்டி

நம்ம வீட்டுக்குள்ள இருந்து
10-7-1938

வாசல் வேப்ப மரத்தடியில முதுகக் காட்டி உக்காந்திருக்கிற மாப்ளைக்கு,

எழுதச் சொன்னீக, எழுதுறேன். மொதத் தாள மாயக்காகிட்டக் குடுத்திருக்கேன். பத்தடிக்குத் தபால்காரி வச்ச மொத ஆளு நாமதான். அவ சிரிக்கிறா. அவ சிரிச்சு நாளாச்சுன்னு அவளே சொல்றா.

தண்ணிச் செம்பு அப்பிடியே இருக்கு. சரி, உங்க வைராக்கியம், உங்க தாகம். வெத்தலத் தட்ட உங்க பக்கத்துல வச்சது நானில்ல, தங்கப்பொண்ணு. 'மாமா, வச்சிருக்கேன்'னு சொன்னாள்ல, கேட்டுச்சா? நெலைக்கு உள்ளதான் நிக்கிறா. நீங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் அவளுக்குத் தெரியும். திரும்ப மாட்டேங்கிறீக.

ரெண்டாந் தாள் வந்திருச்சா? படிக்கையில உங்க பிடரி அசையுது. சிரிப்பா, ஈயா?

நான் ஒண்ணும் கேக்கல மாப்ள. சுருளி ஆவணியில நாள் பாத்திருக்காரு. பந்தக்கால் வெட்டி மாட்டுக் கொட்டத்துல சாத்தி வச்சிருக்கேன். நீங்க எடுத்தா ஊண்டுறேன். இல்லேன்னா மாட்டக் கட்டிக்கிறேன். இவ என் மகளாவும் உங்க வீட்டம்மாவுக்கு மருமகளாவும் இப்பிடியே இருக்கட்டும், வயசாகட்டும். மருது தப்பான பயலில்ல. சேக்காளி முன்னாடி பெரிய மனுசனாகப் பாத்தான். அந்த வயசுல நீங்களும் அப்பிடித்தான். டேக் ஆப்டர் மாப்ள, டேக் ஆப்டர்.

பொஸ்தகத்துல கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன். அதுல ஒரு டேக் இருக்கு, அது மட்டும் எனக்கு வெளங்கல. ஒருத்தன் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறதும்

எங்க எந்திரிச்சீக? இருங்க, இந்தத் தாளு இன்னும் முடியல. மாயக்கா, உன் புருசன நிறுத்து. செருப்பு மாட்டுறாரு. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குய்யா. பொஸ்தகம் கட்டில்லயே கெடக்கு, அத வாங்கத்தான வந்தீக.

திரும்பிப் பாக்காமப் போறீக. போங்க. நானும் வெளிய வந்து நின்னுக்கிட்டுத்தான் எழுதுறேன், தாளச் செவத்துல வச்சு.

தண்ணிச் செம்பு நெறைய இருக்கு. தட்டுல பாக்கையும் காணோம், வெத்தலையையும் காணோம்.

தெருமுக்குல நின்னு துப்புறீக. செவப்பு. இங்க குலவை கெளம்பிருச்சு.