ஆயாக்கொட்டகைக்கு நான் போட்ட படம்

3 மார்ச் 1929
தாய்மார் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக ஒரு கொட்டகை வேண்டுமாம். துரை என்னைப் படம் போடச் சொன்னார். தோட்டத்தில் ஆசாரி என்று நான் ஒருவன்தானே. இடம் லிங்கி ஆற்றோரம். அதனால் மலாய்க்காரர் வீடுகளைப் போல நாலடிக் கால்கள்மேல் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சன்னல். பதினாலு சின்னக் கட்டில். அழகாக வந்திருக்கிறது, நானே சொல்கிறேன்.

மயிலம்மாளுக்கு ஐந்து மாதம். எங்கள் பிள்ளையும் அங்கேதான் கிடக்கப்போகிறது.

7 மார்ச்
அடுத்த வீட்டு முத்தாயியிடம் படத்தைக் காட்டினேன். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று சிரித்தாள். "கட்டில்ல யாருண்ணே புள்ளயப் போடுவா? ஏணை கட்ட எடமே இல்லியே!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. சேலையைக் கட்டித் தொங்கவிடாமல் நம் பிள்ளை எது தூங்கியிருக்கிறது? கட்டில்களை அழித்துவிட்டுக் குறுக்கே கனத்த விட்டங்கள் போட்டேன்.

12 மார்ச்
இவ்வளவு மரம் தர முடியாதாம். கால் வேண்டுமா, விட்டம் வேண்டுமா, ஒன்றைச் சொல் என்கிறார் துரை. இடத்தையாவது மேட்டுக்கு மாற்றுங்கள் என்றேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிறவர்கள் அவ்வளவு தூரம் நடந்தால் வேலை கெடுமாம்.

13 மார்ச்
கால்களை எடுத்துவிட்டேன். ஆறு ஒவ்வொரு வருஷமுமா ஏறுகிறது? ஏணை தினமும் வேண்டுமே.

2 ஆகஸ்ட்
கொட்டகை முடிந்தது. தரை சிமெண்டு. எங்களுக்கும் மகள் பிறந்து பதினைந்து நாள். முத்தாயி விட்டத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்து, "ரெண்டு ஆள் தாங்கும்லா" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

19 நவம்பர்
எழுத வரவில்லை.

22 நவம்பர்
மூன்று நாள் மழை. செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் காட்டில் இருக்கும்போது ஆறு ஏறிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க ஆயா என்று பஞ்சாலை ஒருத்திதான் இருந்தாள். பதினாலு பிள்ளைகள். இரண்டிரண்டாய் மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். என் மகள் மூன்றாவது நடையில் வந்தாள். கடைசி நடைக்கு இரண்டு பேர் மிச்சம். இடுப்பளவு தண்ணீரில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது.

விட்டுப்போனது முத்தாயி பிள்ளை. ஏணை அறுந்துபோகவில்லை, விட்டமும் அசையவில்லை. அது கட்டின இடத்திலேயே தண்ணீருக்குள் கிடந்தது. ஐயோ, நாலடி... நாலே அடி. நான்தானே எடுத்தேன்?

30 நவம்பர்
விசாரிக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். கால் இல்லாமல் கட்டியது யார் யோசனை என்று கேட்டார். துரை என்னைப் பார்த்தார். என்னுடையது என்றேன். பொய்யும் இல்லையே.

முத்தாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாந்தான் ஏணை கேட்டேன்" என்றாள். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

9 பிப்ரவரி 1930
புதுக் கொட்டகைக்கு உத்தரவு. வேண்டிய மரம் எடுத்துக்கொள் என்கிறார் துரை. இடமும் மேட்டில்! கால், விட்டம், சன்னல், எல்லாம் போட்டேன். எதிலும் அவர் பென்சில் வைக்கவில்லை.

14 ஏப்ரல்
இன்று திறந்தார்கள். ஆறு மணிக்கே போய் நின்றேன். பஞ்சாலை தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் நன்றாக விழுகிறது, காற்று வருகிறது. பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு கொட்டகையைத் தாண்டிக் காட்டுக்குப் போனார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. மயிலம்மாளும் என்னைப் பார்க்காமல் போனாள், மகள் அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாள்.