வாயாடிக்கு விளங்குமா

2001 மாசி 5, திங்கள்

நல்ல பனி. சைக்கிள் சீற் ஈரம், சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஏறினேன். நான் படிப்பிக்கும் கொம்பியூட்டர் நிலையத்தில் கரண்ட் ஒன்பதரைக்குத்தான் வந்தது. அதுவரை பிள்ளைகளுக்குப் பழைய தட்டச்சு மெசினில் பயிற்சி.

செய்ய வேண்டியவை: பிறின்றருக்கு ரிபன். அக்காவின் செருப்பு. ஆமி தரும் நடமாட்டப் பாஸ் புதுப்பிக்க: மாஸ்டருக்கு 14, எனக்கு 23.

மாஸ்டர் பதினொரு மணிக்கு வந்தார். முப்பது வருசம் துணுக்காயில் கணக்குப் படிப்பித்த மனுசன். இப்போது இடம்பெயர்ந்து வந்து வவுனியா முகாமில் ஒரு கொட்டில், பகல் முழுக்க எங்கள் இரண்டாவது கொம்பியூட்டர். வாயாடியோடு கதை.

வாயாடி அவர் எழுதிய புறோகிராம். நாம் தமிழில் ஏதாவது அடித்தால் அதுவும் தமிழில் பதில் சொல்லும். கணக்கு வேலை அவருடையது. அது சொல்லும் அறுநூற்றுச் சொச்சம் வசனமும் நான் யோசித்து அடித்தவை. போன வருசம் மூன்று மாதம் போனது அதற்கு.

இன்று இன்ரநெற் லைன் கிடைத்தது. வெளிநாட்டுத் தமிழர் எழுதும் கருத்துக்களத்தில் மாஸ்டர் போன கிழமை ‘வன்னியில் சிந்திக்கும் இயந்திரம்’ என்று போட்டதற்கு இருபத்து மூன்று பதில். ரொரன்ரோவில் ஒருவர், பெயர் உண்மைவிளம்பியாம்: “ஐயா, நாங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லுற பழைய விளையாட்டு இது. இல்லாட்டிப் பின்னால ஆரோ ஒளிச்சிருந்து அடிக்கினம்.” ஒஸ்லோவில் மகேசன் என்றவர்: “கரண்ட் இல்லாத ஊரிலை ஒரு தமிழன் செய்திருக்கிறார். பாராட்ட மனமில்லாட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ.” மூன்றாவது ஆள், வாயாடி என்ற பெயர் பெண்களை இழிவுபடுத்துகிறது. நாலாவது ஆள், ஆண்களிலும் வாயாடி உண்டு. இதிலேயே ஒன்பது கடிதம். வேலை வெட்டி இல்லாததுகள்.

7, புதன்

வெயில். பிள்ளைகள் ஐந்து பேர் வரவில்லை, ஆமிச் சென்றியில் மறித்து வைத்திருந்தார்களாம்.

மகேசன் மாஸ்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறார். கொழும்பில் வருகிற மாதம் ஒரு கண்காட்சி. களத்தில் உள்ள சந்தேகம் தீர்ந்தால் மாஸ்டருக்கு அழைப்புக் கடிதம் எடுத்துத் தருவாராம்.

மாஸ்டரின் மகள் கொழும்பில் தனிய. புருசன் கட்டாரில். மாத முடிவில் பிள்ளை பிறக்க நாள். மாஸ்டரிடம் இருப்பது தற்காலிகப் பாஸ், அதை வைத்துக்கொண்டு வவுனியாவைத் தாண்ட முடியாது. மூன்று தரம் கேட்டுப் போனார், மூன்று தரமும் இல்லை என்றார்கள். இப்போது களத்தில் வென்றால் கடிதம், கடிதம் இருந்தால் பாஸ், பாஸ் இருந்தால் மகள். ரொரன்ரோக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. பொழுது போகாமல் சண்டை பிடிக்கிறான்.

ஆனாலும் சொன்னேன். “மாஸ்டர், அதுக்கு ஒண்டும் விளங்காது. வசனத்தைப் பொருத்திப் போடுது, அவ்வளவுதான். நானே அடிச்சனான், எனக்குத் தெரியாதோ?”

“பிள்ளை, விளங்கின பெடியனும் விளங்காத பெடியனும் ஒரே விடையைத்தான் எழுதுவாங்கள். முப்பது வருசம் திருத்தினனான். ஆருக்கு விளங்கினது எண்டு எனக்கே சொல்லத் தெரியாது.”

எரிச்சலாக இருந்தது.

9, வெள்ளி

மாஸ்டர் மூன்று பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தார், களத்துக்குப் பதில். தூய தமிழாம். புறோகிராம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை, அதற்கும் ஒரு தமிழ்ச் சொல். அடித்துக்கொண்டு போனேன். இப்படி வந்தது:

‘எனது இயக்கம் வவுனியாவைத் தளமாகக் கொண்டது. வெளியிலிருந்து கட்டளை கிடைத்ததும் இயக்கம் தானே முடிவெடுத்துச் செயற்படும்.’

கை நின்றுவிட்டது. இந்த ஊரில் இயக்கம் என்றால் ஒன்றுதான், காட்டுக்கு அங்கால் துவக்கோடு நிற்பவர்கள். சந்தையில்கூட அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். தளம் என்றால் அவர்களுடைய முகாம்.

“மாஸ்டர், இந்தச் சொல்லை மாத்துங்கோ.”

“ஏன்? இயங்குறது இயக்கம். அகராதியைப் பாரும்.”

“சென்றியில நிக்கிறவன் அகராதி பாக்கிறவனோ?”

“இது கனடாக்காரருக்கு எழுதுறது பிள்ளை. அங்கை சென்றி இல்லை. தமிழிலை சொல்லேலாது எண்டு அவன் என்னைப் பாத்துச் சிரிக்கக்கூடாது.”

அடித்தேன். அனுப்பினேன். லைன் இரண்டு தரம் அறுந்தது. அப்போதாவது விட்டிருக்கலாம். மூன்றாம் தரம் போய்விட்டது.

12, திங்கள்

மப்பு. மழை இல்லை.

நாற்பத்தொரு பதில். வாயாடியைப் பற்றி இப்போது யாரும் கதைக்கவில்லை. ‘ஐயாவின் இயக்கத்துக்கு மூளை இருக்கோ?’ என்று உண்மைவிளம்பி. ‘எந்த இயக்கத்தைக் கேட்கிறீர்?’ என்று இன்னொருவர். ‘அரசியல் வேண்டாம்’ என்று ஒருவர். ‘பயந்தாங்கொள்ளிகள்’ என்று ஒருவர். அங்கே பனிக்குள் இருந்துகொண்டு பகிடி விடுகிறார்கள்.

கடைசியில் மகேசன்: ‘போதும், நான் நம்புறன், கடிதத்துக்கு எழுதுறன்.’ மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பி நின்று வாசித்தார்.

எல்லாவற்றையும் பிறின்ற் எடுக்கச் சொன்னார். பதினொரு தாள், பழைய ரிபன், மங்கல். ஃபைலில் போட்டுக் கட்டினார்.

“இது என்னத்துக்கு?”

“கடிதம் வரப் பிந்தும். புதன்கிழமை பாஸ் எடுக்கிற இடத்திலை இதைக் காட்டுவன். வெளிநாடு முழுக்க என்னைப் பற்றிக் கதைக்கினம் எண்டு அவைக்கும் தெரியட்டுமன்.”

ஃபைலைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. குழந்தைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் இழுபட்டோம், வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவ சொன்னா: “உனக்கென்ன வந்தது? மற்றவையின்ரை விசயத்துக்குள்ளை தலையைப் போடாதை.”

13, செவ்வாய்

ரிபன் கிடைக்கவில்லை. செருப்பு வாங்கியாச்சு, ஒரு சைஸ் பெரிது, அக்கா முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறா.

மாஸ்டர் நாளைக்குப் போட வெள்ளைச் சேட் ஒன்றைத் தோய்த்து மினுக்கிக் கொண்டுவந்து காட்டினார். நல்லாயிருக்கு என்றேன். ஃபைலைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

14, புதன்

மாஸ்டர் வரவில்லை.

பி.ப. 2. முகாமில் அவருக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் மனுசி ஓடிவந்தா. “வரிசையில எனக்கு முன்னாலைதான் நிண்டவர். ஃபைலைத் திறந்து காட்டிக் கதைச்சவர். உள்ளுக்கை கூப்பிட்டவை. பேந்து வெளியில வரேல்லை.”

பி.ப. 4. சிவில் உடுப்பில் இரண்டு பேர். ஒருவர் மட்டும் தமிழில் கதைத்தார், எங்களைப் போலவே நல்ல தமிழ். மாஸ்டரின் கதிரையில் இருந்து, நிற்பாட்டியிருந்த கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கதைக்குமாமே.”

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

“கதைக்கும் எண்டு எழுதிக் கிடக்கு. தானே முடிவெடுக்கும் எண்டும் கிடக்கு. நாளைக்கு இதையும் கொண்டு நீங்களும் வாங்கோ ரீச்சர்.”

பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினேன். சாப்பிட மனமில்லை.

15, வியாழன்

கொம்பியூட்டரை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, மாஸ்டரை வைத்திருந்த இடத்துக்குப் போனேன்.

மாஸ்டர் வாங்கில் இருந்தார். அதே வெள்ளைச் சேட், கசங்கல். அடித்த மாதிரித் தெரியவில்லை. கடவுளைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

மேசையில் எங்கள் தாள்கள். இயக்கம் வந்த இடமெல்லாம் சிவப்புப் பென்சில். நேற்று வந்து தமிழ் கதைத்தவர்தான் சிங்களத்தில் மொழிபெயர்த்து மேலதிகாரிக்குச் சொன்னார்.

“தண்ணிப் பம்ப் இயங்கினாலும் அது இயக்கம்தான் ஐயா. கொம்பியூட்டர் புறோகிராமுக்குத் தமிழிலை அப்பிடி எழுதிப்போட்டார்,” என்றேன்.

“நானும் இந்த ஊரிலைதான் இருக்கிறன் ரீச்சர். பம்பை ஆரும் அப்பிடிச் சொல்லி நான் கேட்கேல்லை.”

உண்மை. நானும் கேட்டதில்லை.

பிறகு வாயாடியைப் பற்றிக் கேட்டார்கள். விளங்குமோ, விளங்காதோ. மாஸ்டர் நேற்று முழுக்க ‘விளங்கும்’ என்றே சொல்லியிருக்கிறார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அதற்கு விளங்கினால் அதற்குத் தெரியும், தெரிந்தால் கட்டளை வாங்கும், வாங்கினால் மாஸ்டர் வெளியே வரமாட்டார். அது வெறும் மொக்கு மெசின் என்று காட்டினால்தான் உண்டு.

உண்மைவிளம்பி எழுதின தாள்களைப் பொறுக்கி எடுத்து மேசையில் வைத்தேன். “இவர் சொல்லுறதுதான் சரி. வாசியுங்கோ.” பத்து நாளாக அந்த ஆளைத் திட்டினவள் நான்.

கொம்பியூட்டரைப் போட்டு, ‘எனக்குக் கதிரை’ என்று அடித்தேன். ‘எவ்வளவு நாளாய்க் கதிரை?’ என்றது, காய்ச்சலுக்குக் கேட்பதுபோலவே. மொழிபெயர்த்தவர் சிரித்தார். மேலதிகாரிக்குச் சொல்ல அவரும் சிரித்தார்.

மாஸ்டர் எழும்பினார். “விசர்க் கேள்வி கேட்டால் மனுசரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

“இருங்கோ மாஸ்டர்.” அவரிடம் நான் குரலை உயர்த்தினது இதுதான் முதல்தரம்.

எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். இந்த மெசினுக்கு எதுவும் விளங்காது, தானாக எதையும் சொல்லாது, உள்ளே இருக்கும் வசனம் எல்லாம் மனிதர் எழுதியவை. கையெழுத்து, திகதி. மூன்று மணிக்கு மாஸ்டரை விட்டார்கள். கொம்பியூட்டர் அங்கேயே இருக்கட்டுமாம்.

முகாம் வாசலில் மாஸ்டர் கேட்டார், “கொழும்புக்குப் பாஸ் இனித் தருவாங்களோ பிள்ளை?”

தருவாங்கள் என்றேன். பொய்.

16, வெள்ளி

பனி. வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள்தான்.

10.20. நேற்று மொழிபெயர்த்தவர் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். கையில் என் கடிதம்.

“மெசினுக்கு ஒண்டும் விளங்காது எண்டதைப் பெரியவர் ஏற்றுக்கொண்டிட்டார் ரீச்சர்.”

“நல்லது ஐயா.”

“வசனம் எல்லாம் மனிசர் எழுதினது எண்டு போட்டிருக்கிறீங்கள். எழுதினது ஆர்?”

மாஸ்டர் புறோகிராம்தான் எழுதினார், வசனம் என்னுடையவை. “நான்தான்.”

“எல்லாத்தையுமோ?”

“ஓம்.”

என் பாஸைக் கேட்டார். கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சேட் பொக்கற்றில் வைத்தார். “உள்ளுக்கை இருக்கிற வசனம் முழுக்க எடுத்து மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கினம். முடிஞ்சாப்போலை தாறம்.”

பாஸ் இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. நிலையத்திலேயே இருக்கிறேன், அக்காவுக்கு ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன். கொப்பியை எடுத்து, அடித்த வசனங்களை ஞாபகத்தில் இருந்து எழுதிப் பார்க்கிறேன், எதில் இயக்கம் மாதிரி ஒரு சொல் வருகிறது என்று. இதுவரை நூற்றுப் பதினாறு. மிச்சம் என்ன எழுதினேன் என்று தெரியவில்லை.